பாடப் புத்தகத்துப் பாத்திரங்கள்: பழையனூர் நீலியும் காரைக்கால் புனிதவதியும்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளத் தோழர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நமக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் பழைய இலக்கியங்களில் வரும் பாத்திரங்களையும், அவற்றின் பின்னணியையும் பற்றியதாகும். பகல் முழுதும் சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி விட்டு வந்திருக்கும் உங்களுக்கு, "இது புலவர்கள் சங்கதியாயிற்றே, இதில் நமக்கு என்ன வேலை?" என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பாட்டை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கி வருகிறது. மார்க்கு ஒரு வருஷத்தில் மறந்து போகும். அந்தப் பாட்டில் வந்த ஆணும் பெண்ணும் எப்படி நடந்து கொண்டார்கள், அதில் எது மெச்சப்பட்டது, எது இகழப்பட்டது என்பது மாத்திரம் அதன் மனதில் தங்கிவிடும். பின்னால் அதே பிள்ளை புருஷனாகவோ பெண்சாதியாகவோ, மாமியாராகவோ, பஞ்சாயத்தில் நியாயம் சொல்பவராகவோ ஆகும்போது, மனதில் தங்கியதுதான் பேசும். ஆகையால் இது புலவர்கள் சங்கதியல்ல; உங்கள் வீட்டுச் சங்கதியேயாகும்.

இந்த விஷயம் நமது நாட்டுக்குப் புதிதுமல்ல. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா கூடாதா என்று தோழர் அண்ணாதுரை அவர்கள் சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளை அவர்களோடும், சேலத்தில் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் பகிரங்கமாக வாதம் செய்தார். அந்த வாதங்கள் "தீ பரவட்டும்" என்ற பெயரில் புத்தகமாகவும் வந்தன. நாம் இன்று உங்களை எதையும் கொளுத்தச் சொல்ல வரவில்லை. படிக்கச் சொல்லவே வந்திருக்கிறோம். ஆனால் கை கூப்பிக் கொண்டு படிக்காமல், கேள்வி கேட்டுக் கொண்டு படிக்க வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

இதற்கு உதாரணம் தேடி நாம் அயோத்திக்குப் போக வேண்டியதில்லை. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையிலுள்ள திருவாலங்காடு என்னும் ஊரே போதும். அதையடுத்த ஊர் பழையனூர். இவ்விரண்டு ஊர்களையும் பற்றிக் கொண்டு இரண்டு பெண்கள் தமிழ் இலக்கியத்தில் நிற்கிறார்கள். ஒருத்தி காரைக்கால் அம்மையார். மற்றொருத்தி பழையனூர் நீலி. இருவருமே பேய் என்று பெயர் எடுத்தவர்கள். ஒரு பேய் கும்பிடப்படுகிறது. மற்றொரு பேய் காறித் துப்பப்படுகிறது. இது ஏன் என்பதுதான் நமது இன்றைய கேள்வி.

முதலில் அம்மையாரை எடுத்துக் கொள்ளுவோம். பெரியபுராணம் சொல்லுகிற கதை இது. காரைக்காலில் தனதத்தன் என்னும் வியாபாரியின் மகள் புனிதவதி. அவளை நாகப்பட்டினத்து வியாபாரி வீட்டுப் பிள்ளை பரமதத்தனுக்குக் கட்டி வைக்கிறார்கள். ஒரு நாள் புருஷன் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த ஒரு சிவனடியாருக்கு அவள் சோற்றோடு ஒரு பழத்தைப் போட்டுவிடுகிறாள். மத்தியானம் புருஷன் வந்து மீதிப் பழத்தைத் தின்று விட்டு மற்றதையும் கேட்கிறான். அவள் கடவுளை நினைக்க, கையில் ஒரு பழம் வந்து சேருகிறது. அதன் ருசி வேறாயிருக்கக் கண்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று அவன் கேட்கிறான். அவள் உள்ளதைச் சொல்லுகிறாள். அவன் நம்பாமல் இன்னொன்று வரவழைக்கச் சொல்லுகிறான். அதுவும் வந்து, அவன் கையில் வாங்கியவுடன் மறைந்து போகிறது. அவன் பயந்து போகிறான். வியாபாரம் என்று சொல்லிக் கப்பல் ஏறுகிறான். பாண்டி நாட்டில் போய் வேறு ஒரு பெண்ணைக் கட்டிக் கொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரும் வைக்கிறான்.

செய்தி தெரிந்த உறவினர்கள் அவளைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டு போய் அவனிடம் விடுகிறார்கள். அவனோ புதுப் பெண்சாதியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுந்து, "இவள் மானிடப் பெண் அல்ல, தெய்வம், நீங்களும் கும்பிடுங்கள்" என்று சொல்லி விடுகிறான். அதன் பிறகுதான் அவள், இவனுக்காகச் சுமந்து வந்த இந்தச் சதையும் அழகும் இனி வேண்டாம் என்று கேட்டுப் பேயுருவம் கொள்ளுகிறாள். கயிலைக்குத் தலையால் நடந்து போய், முடிவில் திருவாலங்காட்டில் வந்து தங்குகிறாள். கதை இவ்வளவுதான்.

தோழர்களே! மாம்பழம் ஆகாயத்திலிருந்து வருமா என்ற ஆராய்ச்சியை இப்போது விட்டுவிடுவோம். நம் தோட்டத்தில் மரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினால்தான் மாம்பழம் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அற்புதத்தைக் கதையிலிருந்து எடுத்து அப்புறம் வைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தான் வாங்கிக் கொடுக்காத ஒரு சாமான் பெண்சாதி கையில் இருக்கிறது. "இது எங்கிருந்து வந்தது?" என்று புருஷன் கேட்கிறான். அவள் உண்மையைச் சொன்ன பிறகும் நம்பாமல் பரீட்சை வைக்கிறான். பரீட்சையில் அவள் தேறின பிறகும் அவளோடு வாழ மாட்டேன் என்கிறான். அதையும் அவள் முகத்துக்கு நேரே சொல்லாமல், வியாபாரத்தின் மேல் சாக்கு வைத்து ஓடிப் போகிறான்.

இது 1,000 வருஷத்துக்கு முந்திய சங்கதியா? இந்தத் தொழிற்பேட்டைக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறார்கள். தன் சம்பளத்தில் ஒரு பெண் ஒரு புடவையோ, ஒரு செல்போனோ வாங்கி வந்தால், "இது எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தது?" என்ற கேள்வி எத்தனை வீடுகளில் கிளம்புகிறது என்பது இங்கு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரமதத்தன் இன்னும் சாகவில்லை. அவன் மாம்பழத்தை விட்டுவிட்டுச் செல்போனைப் பிடித்துக் கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை எடுத்தால் என்ன கேள்வி கேட்பது வழக்கம்? "அம்மையாரின் பக்திச் சிறப்பை எழுதுக" என்பதுதான். "பரமதத்தன் செய்தது நியாயமா?" என்று கேட்பதில்லை. கட்டின பெண்சாதியைச் சொல்லாமல் விட்டு ஓடி வேறு கல்யாணம் செய்து கொண்டவன், காலில் விழுந்த ஒரே காரியத்தால் எல்லாப் பொறுப்பிலிருந்தும் தப்பித்துக் கொள்ளுகிறான். சோறு போட வேண்டும், கூட வாழ வேண்டும், அல்லது கணக்கைத் தீர்த்து விலக வேண்டும் என்ற கடமைகளெல்லாம், "தெய்வம்" என்ற ஒரு சொல்லால் அடிபட்டுப் போகின்றன. பெண்ணைத் தெய்வம் என்று சொல்லுவது அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கு நல்ல உபாயம். தெய்வம் ஜீவனாம்சம் கேட்குமா?

கூட வந்த சுற்றத்தாரைப் பாருங்கள். அத்தனை பேரில் ஒருவராவது, "அப்பா, இவள் தெய்வமாகவே இருக்கட்டும், நீ ஏன் சொல்லாமல் ஓடினாய்?" என்று கேட்டதாக இல்லை. கடைசியில் அவர்களும் கும்பிட்டு விட்டு விலகிப் போய் விடுகிறார்கள்.

இங்கே சேக்கிழாருக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை. அவனுக்காகச் சுமந்த சதை என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். ஒரு பெண்ணின் உடம்பும் அழகும் புருஷனுக்கு ஆக வேண்டும், அவனுக்கு வேண்டாம் என்றால் அவை யாருக்குமே, அவளுக்குமேகூட வேண்டாம் என்பதுதான் அக்காலத்து நினைப்பு என்று அதிலிருந்து நாம் தெளிவாகத் தெரிந்து கொள்ளலாம். பாட்டு எழுதினவர் காட்டியிருக்கிறார். நாம்தான் பார்க்க மறுக்கிறோம்.

நிற்க, பின்னணி என்பதைப் பார்ப்போம். அம்மையாரின் காலம் 6ஆம் நூற்றாண்டையொட்டியது என்பது ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் அபிப்பிராயம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர், குன்றத்தூர்க்காரர், சோழராஜனிடம் மந்திரியாயிருந்தவர். ஜைன நூலான சீவக சிந்தாமணியில் மனதைக் கொடுத்திருந்த ராஜனைச் சைவத்தின் பக்கம் திருப்புவதற்காகவே பெரியபுராணம் எழுதப்பட்டதாகச் சைவர்களே சொல்லுகிறார்கள். ஆகவே அம்மையாருக்கும் அவர் கதையை எழுதியவருக்கும் நடுவில் சுமார் 600 வருஷம் கிடக்கிறது. அந்த அம்மையாரே பாடிய பாடல்களோ இன்றும் கையில் இருக்கின்றன. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டின் மேல் பாடிய இரண்டு பதிகங்கள் ஆகிய இவற்றில் மாம்பழம் இல்லை, பரமதத்தன் இல்லை, பல்லக்கு இல்லை. தன்னைக் "காரைக்காற் பேய்" என்று தானே சொல்லிக் கொள்ளுகிறார், அவ்வளவுதான். அவர் பக்தியை நாம் ஒப்புக் கொள்ளவில்லை. ஆனால் தமிழில் தன் பெயரைத் தானே வைத்துக் கொண்டு, தன் எழுத்தைத் தானே விட்டுப் போன பெண்களில் அவர் ஒருவர் என்பதை மறுக்க முடியாது. பெண் சொன்ன சொல் கையில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு, அவளைப் பற்றி 600 வருஷம் கழித்து ஓர் ஆண் எழுதியதையே அவள் சரித்திரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்ன படிப்பு?

இனி நீலிக்கு வருவோம். "நீலிக் கண்ணீர்" என்று நீங்களே சொல்லுவீர்கள். அந்த நீலி நமது பழையனூர் நீலிதான். கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. எல்லாவற்றிலும் பொதுவாயுள்ளது இது. முன் ஜன்மத்தில் ஒருத்தியை அவள் புருஷனே கொன்று விடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறு ஜன்மத்தில் வியாபாரியாகப் பிறந்து பழையனூருக்கு வருகிறான். அவள் பெண்ணுருவம் எடுத்து, ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக் கொண்டு, ஊர்ச் சபையில் போய், "இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார்" என்று அழுகிறாள். அவன் இல்லையென்கிறான். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபையிலிருந்த 70 வேளாளர்கள் அதை நம்பி, அவன் கையிலிருந்த கத்தியையும் வாங்கி வைத்துக் கொண்டு, "உனக்கு உயிர்ச்சேதம் வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்து, அவளோடு ஓர் அறையில் விடுகிறார்கள். இரவில் அவள் அவனைக் கொன்று விடுகிறாள். 70 பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று பழையனூரில் இன்றும் காட்டப்படுகிறது. தேவாரத்திலும் இந்தச் சங்கதி குறிப்பிடப்படுகிறது.

பேயும் இல்லை, மறு ஜன்மமும் இல்லை என்பது நமது கொள்கை. கதை என்றே வைத்துக் கொண்டு கணக்குப் பாருங்கள். இதில் முதல் கொலையைச் செய்தவன் யார்? பெண்சாதியைக் கொன்ற புருஷன். அந்தக் கொலைக்கு எந்தச் சபை கூடிற்று? எவர் தீக்குளித்தார்? எவரும் இல்லை. 70 பேருடைய வாக்கு நாணயம் நாடெல்லாம் புகழப்படுகிறது. செத்துப் போன பெண்ணின் நியாயம் கேட்பாரற்றுப் போகிறது. அவள் பெயரோ பொய்க் கண்ணீருக்கு அடைமொழியாகி விடுகிறது.

இதைவிடக் கெடுதல் ஒன்று இருக்கிறது. புருஷன் விட்டு ஓடுகிறான் என்று ஒரு பெண் சபையில் வந்து முறையிட்டாள், சபை அவளை நம்பிற்று, நம்பின சபை அழிந்தது என்பதே இந்தக் கதையின் சாரம். இதைக் கேட்டு வளருகிறவன் என்ன படிப்பினை எடுத்துக் கொள்ளுவான்? பெண் அழுதால் நம்பாதே என்பதைத்தானே? சபையார் செய்த உண்மையான தப்பு, சாட்சியம் விசாரியாமல் தீர்ப்புச் சொன்னதும், பயந்து நடுங்கின ஒருவனைப் பலவந்தமாக அறையில் அடைத்ததுமாகும். கதை அதைக் குற்றம் சொல்லவில்லை. இன்றும் அடியும் உதையும் வாங்கின ஒரு பெண் பஞ்சாயத்துக்கோ, போலீஸ் ஸ்டேஷனுக்கோ போய் அழுதால், "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். ஒரு பழங்கதை ஒரு வழக்குச் சொல்லாகி, அந்தச் சொல் உயிருள்ள பெண்ணின் வாயை அடைக்கிறது. இலக்கியம் ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னது?

இதோடு ஆண் பாத்திரம் ஒன்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். நமது மாவட்டத்துத் திருவேற்காட்டைச் சேர்ந்தவர் மூர்க்க நாயனார். அடியார்களுக்குச் சோறு போட்டுச் சொத்தெல்லாம் தீர்ந்த பின், சூதாடிப் பணம் சம்பாதித்து, ஆட்டத்தில் தகராறு செய்தவர்களைச் சுரிகையை உருவிக் குத்தினவர் என்று பெரியபுராணமே சொல்லுகிறது. அவருக்கு மூர்க்கர் என்று பெயர் வந்தது. ஆனால் பின்னால் "நாயனார்" என்பதும் சேர்ந்தது. 63 நாயன்மார்களில் ஒருவராகக் கோயிலில் நிற்கிறார். ஆணுக்கு மூர்க்கமும் பட்டமாயிற்று. கொலையுண்ட பெண்ணுக்குக் கண்ணீரும் வசையாயிற்று.

நீலிக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜைனர்கள் எழுதிய நீலகேசி என்று ஒரு நூல் இருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. அதைப் பழைய உரையோடு பேராசிரியர் அ.சக்கரவர்த்தி அவர்கள் 1936இல் பதிப்பித்தார். அதன் கதாநாயகி யார் தெரியுமா? இதே பழையனூர் நீலிதான்! அவள் ஒரு ஜைன முனிவரைப் பயமுறுத்தப் போய், அது பலிக்காமல், அவரிடம் பாடம் கேட்டு, பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேஷிகர், வேதவாதி எல்லோரையும் தர்க்கத்தில் மடக்குகிறாள். ஒரே நீலி. சைவர் கையில் அழுது கெடுக்கும் பேய். ஜைனர் கையில் தர்க்கம் பேசும் பண்டிதை. பாத்திரம் என்பது பிறக்கும்போதே வந்த குணமல்ல, எழுதுகிறவன் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்குத் தக்கபடி ஆட்டுவிக்கப்படுவது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நீலகேசியை உயர்த்திப் பேசுவதால் அதை அப்படியே ஒப்புக் கொண்டு விடும்படி நாம் சொல்லவில்லை. அதுவும் ஒரு மதக்காரர் தம் மதத்துக்குத் தேடிய ஆதாயமே. உயிர் என்று தனியே ஒன்றில்லை என்று வாதாடும் பூதவாதி அதிலே வருகிறான். அவனை அவள் பேயுருவம் காட்டி நடுங்க வைத்து ஜெயிக்கிறாள். தர்க்கம் தீர்ந்த இடத்தில் பேய் வந்து விடுகிறது! ஆனாலும் ஒரு பெண் சபையில் நின்று காரணம் கேட்டுப் பதில் சொன்னாள் என்று தமிழில் ஒரு காப்பியம் இருக்கிறது. நீலகேசிப் பாட்டு "நோயும் மருந்தும்" என்ற தலைப்பில் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது. நமது மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்த நீலகேசி நம் பக்கத்து ஊர்க்காரி என்று தெரியும்?

தோழர்களே! புனிதவதி கைவிடப்பட்ட காலத்தில் அவளுக்குக் கேட்க ஓர் இடமில்லை. அந்த இடம் தானாக வந்து விடவில்லை. திருவள்ளூர் அன்று செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்தச் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில்தான், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமையும் விவாக விடுதலையும் வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. ஒரு மனைவியிருக்க மறுமனைவி கட்டக் கூடாதென்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1949இல். இந்தியா முழுமைக்கும் இந்து விவாகச் சட்டம் வந்தது 1955இல். தமிழ்நாட்டில் மகளுக்கும் பிதிரார்ஜித சொத்தில் சம பாகம் வந்தது 1989இல். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறைக்கு எதிராகச் சட்டம் வந்தது 2005இல். பரமதத்தனைக் கோர்ட்டில் நிறுத்தச் சட்டம் வந்துவிட்டது. பரீட்சைத் தாளில் நிறுத்தத்தான் இன்னும் மனம் வரவில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் நாம் கேட்டுக் கொள்ளுவது இதுதான். பிள்ளை வீட்டில் ஒரு பழம் பாட்டைப் படிக்கும்போது நாலு கேள்வி கேட்கப் பழக்குங்கள். இதை எழுதினவர் யார், எந்தக் காலத்தில், யாருக்காக எழுதினார்? அந்தப் பாத்திரத்துக்குத் தன் வாயால் பேச இடம் கிடைத்ததா, அல்லது பிறர் சொன்னதுதானா? சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள், எதைக் கேளாமல் விட்டார்கள்? இதே காரியம் நம் தெருவில் நடந்தால் நாம் யார் பக்கம் நிற்போம்? இதற்குப் பணச் செலவில்லை. புலவர் பட்டமும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கடைசிக் கேள்வியைக் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளை விழித்தால் பாதகமில்லை. விழிப்பதுதான் படிப்பின் ஆரம்பம்.

இன்று இங்கு வந்திருக்கும் பெண் குழந்தைகள் சிலர் அடுத்த வருஷமோ, அதற்கடுத்த வருஷமோ பள்ளிக்கூடத்தை விட்டு இந்தத் தொழிற்பேட்டைக்கே வேலைக்கு வரக்கூடும். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பும் கடைசி இலக்கியம் இந்தக் கதைகளாகவே இருக்கலாம். விட்டு ஓடினவனுக்காகத் தன் சதையை உதறிப் பேயானால் கும்பிடப்படுவாய் என்ற பாடத்தோடு அவர்கள் வெளியே வரக் கூடாது. கேள்வி கேட்கவும், கேட்ட கேள்விக்குப் பதில் வரும் வரையில் சபையில் நிற்கவும் தெரிந்தவர்களாக வர வேண்டும். அதற்கு வேண்டியதை இன்று இரவே உங்கள் வீட்டுத் திண்ணையில் ஆரம்பிக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.